உங்கள் பாஷையில் ஏதாவது சொல்லுங்கள்

போன ஞாயிறு பூசை முடிந்து நீங்கள் நாலு பேரும் என் வீட்டுக்கு வந்தீர்கள். படப்பிடிப்புக்கு ஆள் எடுக்கும் கந்தோரில் ஆளுக்கு இரண்டு புகைப்படம் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். "கமெராவுக்கு முன்னாலை எப்பிடி நிக்க வேணும் அன்ரி?" என்று கேட்டீர்கள். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது, ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு இருந்து எழுதுகிறேன்.

எப்படி நின்றாலும் ஒன்றுதான். பலெர்மோவில் இருபத்தெட்டு வருசம் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தேன். வேலைக்காரி, ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிறவள், மகனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன தாய், ஒருமுறை மட்டும் கைரேகை பார்க்கிறவள். காலையில் மொண்டெல்லோவில் என் எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் உண்மையான நிலம் துடைத்துவிட்டு, பின்னேரம் பொய் நிலம் துடைக்கப் போவேன். கதையில் நகை காணாமல் போனால் கமெரா முதலில் என் முகத்தில்தான் வந்து நிற்கும். கடைசியில் எடுத்தது வீட்டு மருமகனாக இருக்கும். ஆனால் அதுவரை பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னைச் சந்தேகப்பட வேண்டும். அதற்குத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள், தெரிந்துகொண்டு போங்கள்.

முதல் நாளே ஒரு இயக்குநர் எனக்குத் தும்புத்தடி பிடிக்கத் தெரியாது என்றார். இன்னும் குனிந்து கூட்டட்டாம், களைத்துப்போன மாதிரிக் கூட்டட்டாம். அன்று காலை ஐந்து அறை கூட்டிவிட்டு வந்தவள் நான். அப்படிக் குனிந்து கூட்டினால் ஒரு கிழமையில் இடுப்பு நாரி முறிந்துவிடும் என்று அந்த மனிதனுக்கு யார் சொல்வது?

அதே கிழமை மதியச் சாப்பாட்டு வரிசையில் பொலிஸ் உடுப்போடு ஒருவன் என் தோளைத் தட்டினான். பையைத் திறந்து என் பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் இருப்பதற்கான அந்தக் கடதாசியை, அவனிடம் நீட்டினேன். பாவி, அவன் உப்புப் போத்தல் கேட்டிருக்கிறான். அவனும் என்னைப் போலக் கூட்டத்தில் நிற்க வந்த ஒரு துணை நடிகன்தான். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் நடக்கும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு எழுதிய வசனம் தரமாட்டார்கள். இயக்குநர் கையை ஆட்டி, "உங்கள் பாஷையில் ஏதாவது சொல்லுங்கள்" என்பார். கோபமா, அழுகையா என்பதை மட்டும் சொல்வார். படத்துக்குக் கீழே தங்களுக்கு வேண்டியதை இத்தாலியனில் எழுதிக்கொள்வார்கள். தொடக்கத்தில் நான் செபம் சொல்லிப் பார்த்தேன், மாதாவுக்கு மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன். பிறகு சந்தையில் வாங்க வேண்டிய சாமான்களைச் சொன்னேன். ஒரு தொடரில் பொலிஸ்காரனின் காலைப் பிடித்துக்கொண்டு வெங்காயம், கத்தரிக்காய், செத்தல் மிளகாய் என்று கதறினேன். கீழே, "என் மகன் குற்றமற்றவன்" என்று ஓடியது.

அந்த நாட்களில் எங்களோடு ஒரு சீனத்து மனிதர் வருவார். கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து நடிக்கிறவர். நான் கண்டபோதே எண்பது வயதுக்குக் கிட்ட. சலவைக்காரன், சமையல்காரன், அபின் கடத்துகிறவன், வில்லனுக்குப் பின்னால் கை கட்டி நிற்கிறவன். ஐம்பது வருசமாக இந்த நாலையும் மாறி மாறி நடித்தவர். பெயர்ப் பட்டியலில் "சீனன்" என்றுதான் போடுவார்களாம். நானும் பெயர் கேட்கவில்லை, வெட்கக்கேடு. அவரிடம் "உங்கள் பாஷையில் சொல்லுங்கள்" என்றால் ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்ணுவார். கோபம் என்றால் உரத்து எண்ணுவார், கெஞ்சல் என்றால் மெல்ல எண்ணுவார். குண்டு பட்டுச் சாகும்போது இருபத்து மூன்றோடு நிறுத்திக் கண்ணை மூடுவார். இதை அவரே எனக்கு இத்தாலியனில் சொல்லிச் சிரித்தார்.

"நீயும் எண்ணு. கத்தரிக்காய் கூட வேண்டாம்," என்றார்.

"ஏன்?"

"எண்ணு என்றால் எண்ணு."

எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. நான் நன்றாகக் கத்திப் பேர் எடுத்தால் அடுத்த படத்துக்குத் தன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று கிழவன் பயப்படுகிறான், அதனால்தான் என்னை மட்டம் தட்டப் பார்க்கிறான் என்று நினைத்தேன். சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது, பிள்ளைகளே. மன்னாரிலிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனபோதும் ஓட்டியைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் போனேன்.

இப்போது புஷ்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புஷ்பம் எங்கள் ஊர்த் தீவுப் பக்கத்துப் பெண், என்னைவிட எட்டு வயது இளையவள். அல்பெர்கேரியாவில் பல்லாரோ சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். அவளும் வீடுகள் துடைக்கிறவள்தான். மூன்று சிஞ்ஞோராக்களின் வீட்டுக் கதவுத் திறப்புகளை ஒரு வளையத்தில் கோத்துக் கைப்பைக்குள் வைத்திருப்பாள். இந்த ஊரில் எங்களுக்குச் சொத்து அந்தத் திறப்புகள்தான். ஒருத்தியைப் பற்றிக் களவு என்று ஒரு சொல் எழும்பினால் போதும், சிஞ்ஞோராக்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் சொல்லி ஒரு கிழமைக்குள் எல்லாத் திறப்பையும் திருப்பி வாங்கிவிடுவார்கள். புஷ்பம் எதற்கும் சிரிப்பாள். அதிகம் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

எங்கள் கோயிலில் உள்ள மாதா சுரூபத்துக்கு ஒரு பொன் சங்கிலி உண்டு. நாங்கள் பெண்கள் நேர்த்தி வைத்து, ஆளுக்கொரு துண்டு பொன் கொடுத்து உருக்கிச் செய்தது. ஒருத்தி அறுந்த காப்பைக் கொடுத்தாள், ஒருத்தி செத்துப்போன பிள்ளையின் மோதிரத்தைக் கொடுத்தாள். நான் ஒரு தோடு கொடுத்தேன். மற்றத் தோடு அந்த வள்ளப் பயணத்தில் கடலில் போய்விட்டது. திருநாளில் சங்கிலியை மாதாவுக்குப் போட்டு, முடிந்ததும் கழற்றிச் சின்னப் பெட்டியில் வைத்து, நீல அங்கியோடு அலுமாரியில் பூட்டுவோம். அலுமாரித் திறப்பு புஷ்பத்திடம் இருக்கும்.

ஒரு வருசம் திருநாள் முடிந்து இரண்டு கிழமையில் பெட்டியைத் திறந்தால் சங்கிலி இல்லை. பூசை வைக்கும் சுவாமி எங்களைக் கூப்பிட்டு, "ஒருத்தரும் ஒருத்தரையும் பற்றி ஒண்டும் கதைக்கக் கூடாது. தேடுவம்," என்றார். ஒருவரும் கதைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பூசையில் ஒருத்தியின் கழுத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றோம். நான் புஷ்பத்தைப் பார்த்தேன். படத்தில் கமெரா என்னிடம் வருவது போலவே என் கண் நேரே அவளிடம் போனது. அவள் காலில் புதுச் சப்பாத்து. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த சாட்சி, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. வாய் திறந்து ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த மாரிக் குளிரில்தான் நான் சொல்ல வந்த தொடர். வியா மக்வேதாவுக்குப் பின்னால் ஒரு சின்னச் சதுக்கம். கதையில் என் மகனைக் காட்டிக் கொடுத்த அயல்வீட்டுக்காரியைப் பார்த்து, மாடத்துக்குக் கீழே நின்று நான் கத்த வேண்டும். மூன்று தரம் எடுத்தார்கள். வெங்காயமும் கத்தரிக்காயும் எடுபடவில்லை. குளிரில் எழுபது பேர் காத்து நிற்கிறார்கள், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பெண் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். இயக்குநர் வந்து என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"சிஞ்ஞோரா, உங்களிடமிருந்து யாராவது எதையாவது களவெடுத்திருக்கிறார்களா? அவளை நினையுங்கள். அவளிடம் சொல்லுங்கள்."

சீனத்து மனிதர் சமையல்காரன் வேசத்தில் தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்றார். என் கண்ணைப் பார்த்து விரல்களை மடக்கிக் காட்டினார்: ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணு என்கிறார். கண்டும் காணாதவள் மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

"எடியே புஷ்பம்! மாதாவின்ரை கழுத்திலை கிடந்ததைக் களவெடுக்க உனக்கு எப்பிடியடி மனம் வந்தது? அலுமாரித் திறப்பு உன்னட்டைத்தானேடி கிடந்தது! என்ரை தோடும் அதுக்குள்ளை கிடக்குதடி, கள்ளி! புஷ்பம்! இறங்கி வாடி!"

சதுக்கம் முழுவதும் கை தட்டியது. கமெராக்காரன் கண்ணைத் துடைத்தான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இனித்தது. சீனத்து மனிதர் மட்டும் கை தட்டவில்லை.

"இரண்டு தரம் சொன்னாயே, அது ஒரு ஆளின் பேர்தானே?" என்று கேட்டார்.

"சும்மா வாயில் வந்தது," என்றேன்.

இளவேனிலில் எனக்குப் பித்தப்பையில் கல். வயிற்றை வெட்ட வேண்டும் என்றார்கள். இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு: நோய் என்று உங்கள் வீட்டை இன்னொருத்தியிடம் பார்க்கக் கொடுத்தால் அது திரும்பி வராது. நான் யாரிடமும் கேட்கவில்லை. புஷ்பம் தானாக ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள்.

"சிஞ்ஞோரா வீட்டுத் திறப்பைத் தாங்கோ அக்கா. நீங்கள் எழும்பும்மட்டும் நான் பாக்கிறன்."

வேறு வழியில்லை, கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கட்டிலில் கிடந்தபடி சிஞ்ஞோராவுக்குத் தொலைபேசி எடுத்து, வீட்டில் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று கேட்டேன். ஓம், கேட்டேன்! "ஒன்றும் போகவில்லை றெஜினா. உனக்கு உரிய அலுமாரியில் கை வைக்கமாட்டேன் என்று உன் ஏப்ரனைக்கூட அவள் எடுக்கவில்லை," என்றாள் சிஞ்ஞோரா. மூன்று கிழமை கழித்துப் புஷ்பம் திறப்பைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். அதற்குப் பிறகும் ஒரு மாதம் பின்னேரங்களில் கஞ்சி கொண்டுவந்தாள். அவள் கஞ்சியைக் குடித்துக் குடித்து என் சந்தேகம் கரைந்தது. அவள் சிரித்தால் நானும் சிரிக்கத் தொடங்கினேன்.

அடுத்த திருநாளுக்கு முன்னால் மாதாவின் நீல அங்கிக்குப் புது உட்சீலை தைக்க நாங்கள் இருவரும் இருந்தோம். பழைய தையலைப் பிரிக்கும்போது என் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். சங்கிலி. கொக்கி சரிகையில் மாட்டி, விட்டுப்போன தையலுக்குள்ளால் நழுவி அடி மடிப்புவரை போயிருக்கிறது. புஷ்பம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, "மாதாவே, மாதாவே" என்று அழுதாள். போன திருநாளில் அந்த அங்கியைக் கழற்றி மடித்தவள் நான். படப்பிடிப்புக்கு நேரம் போகிறது என்ற அவசரத்தில், பெட்டிக்குள் சங்கிலி இருக்கிறதா என்று பார்க்காமலே மூடி வைத்தவளும் நான்தான்.

அந்தச் சதுக்கமும் அந்தக் கைதட்டலும் அப்போதுதான் என் நெஞ்சில் வந்து இடித்தன. இரண்டு கிழமையில் தொடர் வரப்போகிறது என்று செய்தி வந்தது. பங்குச் சனம் துள்ளிக் குதித்தது. எங்கள் றெஜினாவின் பெரிய காட்சியாம், ஞாயிறு பின்னேரம் மண்டபத்தில் பெரிய திரை போட்டு எல்லோருமாகப் பார்ப்போமாம். அங்கே இருநூறு தமிழ்க் காது இருக்கும். சங்கிலி கிடைத்தது உண்மைதான். ஆனால் கள்ளி என்று ஒருத்தி பேர் சொல்லிக் கத்துவதைக் கேட்டால் சனம் சங்கிலியையா யோசிக்கும்? நெருப்பில்லாமல் புகையுமா, கொண்டுவந்து திருப்பி வைத்தாளோ என்றுதான் கேட்கும். நானாக இருந்தால் அப்படித்தான் கேட்டிருப்பேன். பிறகு புஷ்பத்தின் மூன்று திறப்பும் போய்விடும்.

தயாரிப்புக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்து, என் குரலை எடுத்துவிடச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் பேசியவன் என்னைச் சந்தேகப்பட்டான். யார் உங்களைப் பேசச் சொன்னது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, "இயக்குநருக்கு உங்கள் காட்சி மிகவும் பிடித்திருக்கிறது, கவலைப்படாதீர்கள்," என்று வைத்துவிட்டான்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சீனத்து மனிதரின் மகள் கைப்பைக் கடை வைத்திருந்தாள். அங்கே போய் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஏசுவார் என்று பார்த்தேன், அவர் ஏசவில்லை.

"என் முதல் படம் வேறு ஊரில்," என்றார். "ஒரு சீனச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கோபமாக ஏதாவது சொல் என்றார்கள். முதலாளியின் பேரைச் சொல்லித் திட்டினேன். யாருக்கு விளங்கப்போகிறது என்று நினைத்தேன். அந்த ஊரில் சீனம் விளங்கும் ஒரே ஆள் அவர்தான். தன் கடைப் பையன் நடித்த படம் என்று குடும்பத்தோடு போய் முன் வரிசையில் இருந்தார்."

"பிறகு?"

"பிறகு பலெர்மோவுக்கு ரயில் ஏறினேன். நல்ல மனிதர் அவர், காய்ச்சலுக்கு மருந்து வாங்கித் தந்தவர்."

"முதலே போய்ச் சொல்லியிருந்தால்?"

"அதைத்தான் ஐம்பது வருசமாக யோசிக்கிறேன்," என்றார்.

வியாழன் பின்னேரம் எங்கள் எல்லோருக்கும் லீவு. பல்லாரோவுக்குள்ளால் நடந்து மூன்று மாடியும் ஏறினேன். புஷ்பம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். சங்கிலி தொலைந்த நாள் முதல் சந்தேகப்பட்டது, சதுக்கத்தில் கத்தியது, சிஞ்ஞோராவிடம் தொலைபேசியில் கேட்டது, ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"என்னெண்டு கத்தினனீங்கள்? அதைச் சொல்லுங்கோ."

சொன்னேன். செபம் சொல்வதுபோல மெல்லச் சொன்னேன்.

"அங்கை கத்தினமாதிரிச் சொல்லுங்கோ அக்கா."

என்னால் முடியவில்லை. கமெராவுக்கு முன்னால் வந்த குரல் அவள் முகத்துக்கு முன்னால் வரவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"அந்த அங்கியை மடிச்சது நீங்கள் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றாள். "சுவாமி கேட்டவர், கடைசியாத் தொட்டது ஆரெண்டு. தெரியாது எண்டு சொன்னனான். சொன்னால் உங்களைச் சந்தேகப்படுவினமே. பெட்டியைத் திறந்து பாராமல் பூட்டினது என்ரை பிழை எண்டு நான் சொன்னனான்."

அவள் காலைப் பிடிக்கக் குனிந்தேன், விடவில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றாள். குடித்தேன். என்ன ருசி என்று தெரியாது.

ஞாயிறு மண்டபம் நிரம்பியிருந்தது. புஷ்பம் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள், நேரே வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். ஏன் வந்தாள், எல்லோருக்கும் முன்னால் எழும்பி என்னைக் கேட்கப்போகிறாளா என்று என் புத்தி அப்போதும் ஓடியது. சதுக்கம் வந்தது. நான் வந்தேன். வாயைத் திறந்தேன்.

என் குரல் வரவில்லை. யாரோ ஒரு பெண்ணின் குரல் வந்தது. லகலக என்று ஏதோ ஒரு சத்தம், உலகத்தில் எந்தச் சனமும் பேசாத பாஷை. ரோமில் ஒரு அறைக்குள் இருந்து யாரோ ஒருத்தி என் வாய்க்கு மேலே ஒட்டிவிட்டிருக்கிறாள். என் தமிழ் அவர்கள் நினைத்த வெளிநாட்டுப் பாஷை மாதிரி இல்லைப் போலும். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. "அன்ரி, உது எந்த ஊர்ப் பாஷை?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை. நான் புஷ்பத்திடம் போய் ஒரு சொல்லும் சொல்லியிருக்கத் தேவையில்லை.

புஷ்பம் சிரிக்கவில்லை. திரையில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ரை பேரைச் சொல்லுறியள்," என்றாள், எனக்கு மட்டும் கேட்க. பிறகு, "இப்ப கள்ளி எண்டுறியள்."

மூடி வைத்திருக்கலாமே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, உண்மை. நானும் கணக்கில்லாமல் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு முடிவுக்கு வரவில்லை. சீனத்து மனிதரிடம் கேட்கலாம் என்றால் அடுத்த மாரியில் அவர் உண்மையாகவே கண்ணை மூடிவிட்டார். நீங்கள் எண்ணுங்கள், பிள்ளைகளே. உரத்து வேண்டுமென்றால் உரத்து எண்ணுங்கள், அழ வேண்டுமென்றால் அழுது எண்ணுங்கள். எவ்வளவு பெரிய இயக்குநர் தோளைப் பிடித்தாலும், உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் பேரை மட்டும் கமெராவுக்கு முன்னால் எடுக்காதீர்கள்.

புஷ்பத்தின் திறப்புகள் மூன்றும் அவளிடமே இருந்தன. இப்போது நாலு. எங்களுக்குள் சண்டை இல்லை. கிழமைக்கு ஒருதரம் என் வீட்டுக்கு வருவாள், தேத்தண்ணி குடிப்பாள், என் முழங்காலுக்கு எண்ணெய்கூடத் தேய்த்துவிடுவாள். போட்டு வாறன் என்று எழும்பி, கதவடியில் நின்று, கைப்பையை அகலத் திறந்து எனக்கு முன்னால் பிடிப்பாள். திறப்பு வளையம், செபமாலை, குடை, முகம் துடைக்கும் கைலேஞ்சி.

"மடியிலை கனமில்லை, வழியிலை பயமில்லை. வடிவாப் பாருங்கோ அக்கா," என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுகிறேன்.